ஹட்டனில் மூன்று வீடு, பிறகு இரண்டு

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எங்கள் ஆட்களுக்கு அடகு என்றால் நகைதான். கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு, பிள்ளையின் படிப்புக்கு எல்லாம் அதே தோடும் சங்கிலியும் பேங்குக்குப் போய்த் திரும்பி வரும். வீட்டை அடகு வைப்பதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அடகு வைக்க வீடு சொந்தமாக இருக்க வேண்டுமே. அம்மா 34 வருடம் கொழுந்து பறித்தார், அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் வேலை பார்த்தார். இருவரும் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறைக்கு, துண்டுக் கடுதாசிகூடக் கிடையாது. அதனால் 2016இல் ஒரு வீட்டு உறுதியை (பத்திரத்தை) கொடுத்துப் பேங்கில் பணம் வாங்கி வந்த அன்று அப்பா என்னோடு பேசவில்லை. உறுதி கைக்கு வந்து மூன்றே வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பேங்க்காரன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாளே என்ற கோபம்.

நான் ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கிறேன். பாடசாலைச் சீருடைதான் பெரும்பாலும். கணவர் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். பழைய வீடு வாங்கித் திருத்தி, வாடகைக்கு விட்டு, அந்த வீட்டையே ஈடு வைத்து அடுத்ததை வாங்குவது என்று நாங்கள் திட்டம் போட்டு இறங்கவில்லை. முதல் வீட்டில் அது தானாக நடந்தது. இரண்டாவதில் ருசி கண்டோம். மூன்றாவதில் நன்றாக அடிபட்டோம்.

முதல் வீடு டிக்கோயாப் பாதையில், 8 பேர்ச் காணி. விலை 24 லட்சம். திருத்த வேலைக்கும் மற்றச் செலவுக்கும் சேர்த்துப் பணம் திரட்டினோம்: அம்மா அப்பா இருவரின் சேமலாப நிதிப் பணம் ஏழரை லட்சம், சீட்டு 3 லட்சம், நகை அடகு இரண்டரை, எங்கள் சேமிப்பு 4, மிச்சம் 15 லட்சம் பேங்க் கடன். முத்திரைத் தீர்வை என்று ஒன்று இருப்பது உறுதி எழுதும் நொத்தாரிஸ் சொல்லித்தான் தெரியும். முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம். எங்களுக்கு 95,000 ரூபாய் வந்தது. நொத்தாரிஸ் கட்டணம் வேறு. வீட்டு விலையை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டு போனால் கடைசி வாரத்தில் யாரிடமாவது கைமாற்றுக்கு நிற்க வேண்டிவரும். நாங்கள் நின்றோம்.

வீடு பாதையிலிருந்து பார்த்தால் ஒரு தட்டு, பின்னால் இறங்கிப் பார்த்தால் இரண்டு தட்டு. மலையில் எல்லா வீடும் அப்படித்தான். பின்பக்கம் மண்மேடு, அதற்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. கீழ்த் தட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்குப் பச்சைப் பாசி. விற்றவர் வயதான சிங்களப் பெரியவர், நல்ல மனிதர். "மழைக்காலத்துல கொஞ்சம் ஈரம் இருக்கும்" என்றார். மழைக்காலம் இங்கே மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை இருக்கும். நாங்கள் வீடு பார்த்தது பெப்ரவரியில். இப்போது யாராவது கேட்டால் ஜூலையில் போய்ப் பாருங்கள், அதுவும் மழை பெய்துகொண்டிருக்கும்போது குடையோடு வீட்டின் பின்பக்கம் போய் நில்லுங்கள் என்றுதான் சொல்வேன்.

திருத்த வேலைக்கு 7 லட்சம் ஒதுக்கியிருந்தோம். எனக்கு டைல்ஸ் பதிக்க ஆசை. ஹோலில் ஒரு வளைவு, நல்ல கதவு, சமையலறையில் அலுமாரி என்று மனதுக்குள் ஒரு வீடு வைத்திருந்தேன். வேலைக்கு வந்த மேசன் பாஸ் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், அப்போது அறுபது வயதிருக்கும். வீட்டுக்குள்ளே வரவே இல்லை. பின்பக்கம் போய்ப் பத்து நிமிடம் மண்மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தங்கச்சி, டைல்ஸ் அடுத்த வருசம் போடலாம். முதல்ல தண்ணிக்கு வழி காட்டணும்" என்றார். வந்த மனிதர் பெரிய பில் போடப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். கணவர் அவர் பக்கம் நின்றார். அந்த வாரம் வீட்டில் சண்டை.

கடைசியில் பாஸ் சொன்னபடியே நடந்தது. மண்மேட்டைக் கொஞ்சம் வெட்டிச் சாய்த்து, கருங்கல்லால் மதில் கட்டினோம். மதிலின் அடியிலும் நடுவிலும் நாலடிக்கு ஒன்றாக பீவீசீ பைப் துண்டுகளை வைத்து, பின்னால் சல்லிக்கல் நிரப்பினார். மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் அந்தப் பைப் வழியாக வெளியே வந்து கானில் (வடிகாலில்) விழ வேண்டும். வழி இல்லாவிட்டால் தண்ணீர் மதிலுக்குப் பின்னாலேயே நின்று, எவ்வளவு தடித்த மதிலாக இருந்தாலும் ஒரு நாள் தள்ளிவிடும். மேட்டின் மேலே இன்னொரு சின்னக் கான் வெட்டி, மேலிருந்து வரும் மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டார். மதிலுக்கும் கானுக்குமே 2 லட்சத்து 80 ஆயிரம் போய்விட்டது. கூரைக்கு ஒன்று நாற்பது. வயரிங், இரண்டு கழிவறை, பைப் வேலை எல்லாம் சேர்த்து ஒன்று அறுபது. மிஞ்சியதில் பூச்சும் பெயின்ட்டும். டைல்ஸ் இல்லை. சீமெந்துத் தரைக்குச் சிவப்பு பாலிஷ் போட்டோம்.

வாடகைக்கு வருபவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மேல்தட்டுக்கு ஒரு குடும்பம், கீழே டிக்கோயா ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் இரண்டு தாதிப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் வீடு பார்க்க வந்தபோது தரையை, சுவரை ஒன்றும் பார்க்கவில்லை. "அக்கா, உடுப்புக் காயப்போட எங்க இடம்?" என்று கேட்டார்கள். ஜூன் மாதத்து ஹட்டனில் துவைத்த யூனிஃபோம் நாலு நாளானாலும் காயாது. பின்பக்கம் வெளிச்சம் வரும் பிளாஸ்டிக் சீட் போட்டு, காற்றோட்டமாக ஒரு கொட்டகை இறக்கிக் கொடுத்தோம். செலவு 38,000. வாடகையில் 2,000 கூடியது, அதற்குப் பிறகு அந்தக் கீழ்த்தட்டு ஒரு மாதம்கூடச் சும்மா கிடந்ததில்லை. கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தந்த வேலை வேறு எதையும் நான் செய்ததில்லை. இன்னொன்று, இரண்டு தட்டுக்கும் தனித்தனி கரண்ட் மீட்டர். முதல் ஏழு மாதம் ஒரே பில்லைப் பிரித்துக் கட்டியதில் நடந்த பஞ்சாயத்துகளை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

ஒரு புரோக்கர் வந்து, "தோட்டத்து ஆளுங்களுக்கு மட்டும் குடுத்திடாதீங்க, வீட்ட நாசமாக்கிருவாங்க" என்று எனக்கே புத்தி சொன்னார். நான் எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியாது. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வாடகை இரண்டு தட்டும் சேர்த்து 23,000. கடன் தவணை 24,200, பத்து வருடத்துக்கு 15 வீத வட்டியில். மாதம் 1,200 ரூபாய் கையிலிருந்து போடுவதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அது மட்டுமா? நகர சபை வரி இருக்கிறது. ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும், அதைத் தவற விடாதீர்கள். கூரையில் ஆணி கழன்றால் நாம், பைப் வெடித்தால் நாம். வருட வாடகையில் ஒரு மாதத்தை வராததாகவும், இன்னொரு மாதத்தைத் திருத்த வேலைக்குப் போனதாகவும் வைத்துப் பத்து மாத வாடகையை மட்டும் கணக்கில் எடுப்பது என் வழக்கம். அந்தப் பத்து மாத வாடகையில் வருடத் தவணை அடையாத வீடு எனக்கு வேண்டாம். இந்தப் புத்தி முதல் வீட்டில் இருக்கவில்லை.

2016இல்தான் கணவர் அந்த யோசனையைச் சொன்னார். வீட்டின் பெறுமதி கூடியிருக்கிறது, பழைய கடனைத் தீர்த்துப் புதிதாகப் பெரிய கடனாக எடுத்தால் மிச்சப் பணத்தில் இன்னொரு வீடு பார்க்கலாம். வேறொரு பேங்க்கில் விண்ணப்பித்தோம். மதிப்பீட்டாளர் வந்து 52 லட்சம் என்றார். வாங்கித் திருத்த 31 லட்சத்துச் சொச்சம் போட்ட வீடு! அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் பேங்க்கில் அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே விளக்கினார். "மிஸ், 52 வந்து சந்தைப் பெறுமதி. நாங்க பாக்கிறது கட்டாய விற்பனைப் பெறுமதி." அதாவது, நாங்கள் கட்டாமல் போய் அவர்கள் அவசரமாக ஏலத்தில் விற்றால் என்ன கிடைக்குமோ அது. அது 42 லட்சம். அதிலும் 70 வீதம்தான் கொடுப்பார்கள். 29 லட்சம் கிடைத்தது. பழைய கடனின் மீதி 12 லட்சத்துக்கு மேல் இருந்தது. முன்கூட்டியே தீர்த்ததற்குக் கட்டணம், ஈட்டு உறுதிச் செலவு, காப்புறுதி எல்லாம் போக, கையில் வந்தது 16 லட்சத்துச் சொச்சம். ஆகவே 52 என்று யாராவது சொன்னால் மனதுக்குள் 29 என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய கடனைக் கழித்த பிறகு சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

அந்த மதிப்பீட்டு அறிக்கையில் மதிலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கீழ்த்தட்டில் நாங்கள் கூட்டிக் கட்டிய ஒரு சின்ன அறையும் கணக்கில் இல்லை, ஏனென்றால் அதற்கு நகர சபையில் பிளான் பாஸ் பண்ணவில்லை. இரண்டே கால் லட்சம் போட்ட அறை, பேங்க்கின் கண்ணுக்கு இல்லாத அறை. பிறகு ஓடி ஓடி அனுமதி எடுத்தோம். மலை மாவட்டங்களில் இப்படிக் கூட்டிக் கட்டுவதற்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதை ஒரு தொல்லையாகவே நினைத்தேன். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயத்து வீடுகள் மண்ணுக்குள் போன செய்தியைப் பார்த்து அழுதவள்தான் நானும். சொந்தக் காரியம் என்று வரும்போது எல்லாம் மறந்துபோகிறது.

கொட்டகலை வீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 6 பேர்ச், 19 லட்சம், திருத்த வேலை 6. தண்ணீர், கூரை, வயரிங், கழிவறை, கடைசியில் பெயின்ட் என்ற அதே வரிசை. பெயின்ட் வேலையை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடித்தோம். ஓர் ஆசிரியர் குடும்பம் வந்தது, ஏழு வருடம் இருந்தது.

நாவலப்பிட்டியில் 2018இல் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அருமையான பழைய வீடு, விலையும் குறைவு. ஒரு லட்சம் முற்பணம் கொடுத்துவிட்டோம். உறுதி சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. விற்பவர் வாசித்துக் காட்டினார், தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகு நொத்தாரிஸ் காணிப் பதிவகத்தில் முப்பது வருட ஏடுகளைப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் காணி ஐந்து பிள்ளைகளுக்குப் பிரிக்கப்படாத பங்காக இருக்கிறது என்றார். விற்பவருக்கு உரியது ஐந்தில் ஒன்று. வீடு முழுக்க அவர் குடியிருந்ததால் எல்லாம் அவருடையது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. இப்போது வரிசை மாறிவிட்டது. முதலில் உறுதியும் சேவயர் பிளானும், பிறகு பதிவகத்து ஏடு, பிறகு நகர சபையிடமிருந்து வீதி எல்லைச் சான்றிதழ், அதற்கப்புறம்தான் வீட்டுக்குள் காலை வைப்பது. உறுதியை நமக்கு வேண்டிய ஒருவர் சத்தமாக வாசித்துச் சொல்ல வேண்டும், விற்பவர் அல்ல.

தோட்டக் காணியில் கட்டிய வீடுகளையும் கடுதாசி எழுதி விற்கிறார்கள். முத்திரை ஒட்டி, சாட்சிக் கையெழுத்து வைத்து, பார்க்க உறுதி மாதிரியே இருக்கும். காணி அரசாங்கத்தினுடையது, தோட்டக் கம்பனி வைத்திருப்பது குத்தகைக்கு. விற்பவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன், மூன்று தலைமுறை இருந்த இடத்தைத் தன்னுடையது என்று நினைப்பதில் என்ன தப்பு? ஆனால் பேங்க் அந்தக் கடுதாசியைக் கையால் தொடாது. குடியிருக்க வாங்குவது வேறு விஷயம். ஈடு வைத்து அடுத்ததுக்குப் போகலாம் என்று நினைத்து வாங்கினால் பணம் அங்கேயே நின்றுவிடும்.

இனி அடிபட்ட கதை. 2020இல் வட்டி இறங்கியது. பேங்க்காரர்கள் கடைக்கே வந்து லோன் வேண்டுமா என்று கேட்ட காலம். 2021 ஜனவரியில் இரண்டு வீட்டு உறுதியையும் சேர்த்துக் கொடுத்து, பழைய கடன் மீதி 25 லட்சத்தையும் அடைத்து, மொத்தமாக 60 லட்சம் எடுத்தோம். 9 வீதம், 15 வருடம், தவணை 60,900. ஹட்டன் டவுனுக்குள் மூன்றாவது வீடு 26 லட்சத்துக்கு. மூன்று வீட்டு வாடகையும் சேர்த்து 82,000 வந்தது. மாதம் 21,000 மிச்சம். நான் தையல் கடையில் இன்னொரு மெஷின் வாங்கினேன். கணவர் நாலாவது வீட்டைப் பற்றிப் பேசினார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, வட்டி வருடா வருடம் மாற்றியமைக்கப்படும் என்று. வாசித்தேன். 9 வீதம் 10 ஆகும், மிஞ்சிப்போனால் 12 ஆகும் என்று நினைத்தேன். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. எங்கள் கடிதம் வந்தபோது 24 வீதம். தவணை 1,19,000.

அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை வாசித்தேன், ஏதோ எழுத்துப் பிழை என்று. கணவரின் கடையில் ஆயிரம் ரூபாயைச் சுற்றி விற்ற சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த காலம். கீழ்த்தட்டில் இருந்த தாதிப் பிள்ளைகளில் ஒருத்தி வெளிநாடு போய்விட்டாள். வாடகையைக் கூட்டிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டிருந்தாலும் கொடுக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. மாதம் 37,000 குறைகிறது.

பேங்க்குக்குப் போய், கொஞ்ச காலத்துக்கு வட்டியை மட்டும் கட்டுகிறேன் என்றேன். அவர் கல்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். 57 லட்சத்துக்கு மேல் மீதி, 24 வீதம். வட்டி மட்டுமே மாதம் 1,14,000க்கு மேல். ஐயாயிரம் ரூபாய்கூடக் குறையவில்லை! காலத்தை நீட்டினாலும் அப்படித்தான். வட்டி அந்த உயரத்துக்குப் போனபின் தவணை முழுக்க முழுக்க வட்டிதான், நீட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இதைக் கடன் எடுக்கும் முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம். இப்போது யார் கேட்டாலும், பேங்க் சொல்லும் வட்டியை இரண்டரை மடங்காக்கித் தவணையைக் கணக்குப் போட்டு, அதை எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்று எழுதுங்கள் என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். 2022இல் வீட்டுக்கடன் வைத்திருந்தவர்கள் யாரும் சிரிப்பதில்லை.

கடைசியில் பத்து மாதம் 75,000 வீதம் கட்டுவது, கட்டாத மிச்சத்தை முதலோடு சேர்ப்பது என்று முடிவானது. கடன் குறைவதற்குப் பதிலாக 4 லட்சம் வளர்ந்தது. அந்த 75,000க்கும் வாடகை போதாத மாதங்கள் இருந்தன. நகை மறுபடி அடகுக்குப் போனது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி பேங்க் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம் என்று ஒரு சட்டத்தரணி சொன்னார். அப்பா காதில் அது விழாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டில் ஏழு மாதம் வாடகை வராமலும் போனது. கையெழுத்து வைத்த சாதாரணத் தாள்தான் எங்களிடம் இருந்தது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைச் சொல்லி, குடியிருப்பவரை லேசில் எழுப்ப முடியாது என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பேசிப் பேசித்தான் வெளியேற்றினோம், அந்த ஏழு மாதமும் போனதுதான். அதற்குப் பிறகு எல்லாம் நொத்தாரிஸ் முன் எழுதிய குத்தகை உறுதிதான். 2023இல் வந்த சட்டம், அப்படி எழுதிக் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுப்பதற்கு வழி வைத்திருக்கிறது.

2024இல் கொட்டகலை வீட்டை விற்றோம், 58 லட்சத்துக்கு. வட்டி இறங்கத் தொடங்கிய பிறகுதான் வாங்குவதற்கு ஆளே வந்தது. பேங்க்குக்கு 40 லட்சம் கட்டி அந்த உறுதியை விடுவித்தோம், மிச்சத்தில் நகையும் கைமாற்றும் தீர்ந்தன. விற்கும் அன்று நான் போகவில்லை. அங்கே நட்ட பேரிக்காய் மரம் காய்க்கத் தொடங்கியிருந்தது.

இப்போது இரண்டு வீடு, வாடகை 86,000. கடன் 20 லட்சத்தைச் சுற்றி, தவணை 29,300. மூன்று வீடு இருந்தபோது மிஞ்சியதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் மிஞ்சுகிறது. இந்தக் கணக்கைக் கணவரிடம் காட்டினேன். நாலாவது வீடு என்று பேசிய மனிதர் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணீர் போடப் போய்விட்டார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை. கண்டி, நுவரெலியா, பதுளை எங்கும் மலை இறங்கியது. கரண்ட் இல்லை, பாதை இல்லை, போன் எப்போதாவது ஒரு கோடு வரும் போகும். டிக்கோயாப் பாதை வீட்டில் மேலே ஒரு குடும்பம், கீழே மூன்று பிள்ளைகள். எல்லோரும் கோயில் மண்டபத்துக்குப் போங்கள், சாமானை விடுங்கள் என்று அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. மறுநாள் பின்னேரம்தான் அந்தக் கீழ்த்தட்டுப் பிள்ளை எடுத்தாள். இரவே எல்லோரும் போய்விட்டார்களாம், இப்போது பூனையைத் தேடி வந்தாளாம். பக்கத்து வீட்டு மேடு அவர்கள் சமையலறைக்குள் வந்துவிட்டதாம், நல்ல காலம் உள்ளே யாரும் இல்லை.

"நம்ம மதில்?" என்றேன்.

"நிக்குது அக்கா. எல்லாப் பைப்புலயும் தண்ணி பீச்சியடிக்குது. கான் நெறஞ்சு பாயுது."

உடனே அங்கிருந்து போகச் சொன்னேன், பூனை தானாக வரும் என்று. போனை வைத்துவிட்டுப் பாஸின் நம்பரைத் தேடினேன். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். மணி அடிக்கவே இல்லை. நாலாம் நாள்தான் கிடைத்தார். வீடு இருக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன், "பைப்ப அடைக்காம வச்சிருக்கியா தங்கச்சி?" என்று அவர் கேட்டார்.